பெரிய கார், சின்ன ஒழுங்கை: கொழும்பில் குடும்பச் செடான் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தக்காரர், கூட்டாளிகள் வட்டத்தில் யாராவது கார் பார்க்கத் தொடங்கினால் எனக்கு ஒரு அழைப்பு வரும். கேட்கும் ஆள்தான் மாறுகிறார், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பக் காரைப் பின்சீற்றில் இருந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்களில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

பெரிய செடான் என்று எதைச் சொல்கிறீர்கள்? டொயோட்டா பிரீமியோ அதில் சேருமா?

செடான் என்பது டிக்கி பின்னால் தனிப்பெட்டியாக நீளும் கார். அமெரிக்காவில் டொயோட்டா கேம்ரியே நடுத்தர அளவுக் கார்தான். கொழும்புக் கணக்கு வேறு. இங்கே பெரிய செடான் என்றால் டொயோட்டா கேம்ரி, ஹொண்டா அக்கோர்ட், டொயோட்டா கிரவுன், பென்ஸ் ஈ கிளாஸ், பிஎம்டபிள்யூவின் ஐந்தாம் வரிசை. எல்லாமே ஏறக்குறைய 4.8 முதல் 5 மீற்றர் வரை நீளம்.

பிரீமியோவும் அதன் கூடப்பிறந்த அலியனும் ஒரு படி கீழே. நீளம் 4.6 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 1,695 மில்லிமீற்றர். அந்த அகலத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானில் 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2000 சிசி என்ற எல்லைக்குள் நின்றால்தான் சிறிய கார் வகையில் பதியலாம். அந்தக் கோட்டைத் தாண்டாமல் உள்ளே எவ்வளவு இடம் எடுக்கலாமோ அவ்வளவையும் எடுத்துச் செய்த கார் அது. ஜப்பான் ஒழுங்கைகளுக்குப் போட்ட கணக்கு வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

இந்தப் பக்கத்தில் இரண்டு வகையையும் சேர்த்தே பேசுகிறேன். பெரியது தேடி வருபவர்களில் பலருக்குக் கடைசியில் சரிவருவது அந்த ஒரு படி கீழேதான்.

எல்லோரும் எஸ்யூவிக்குப் போகிறார்கள். இன்னும் ஏன் செடான்?

முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு எஸ்யூவி நல்லது, அதை மறுக்க மாட்டேன். குனியாமல் ஏறலாம், இறங்கலாம். வெள்ளம் நிற்கும் வீதிகளிலும் கொஞ்சம் உயரம் உதவும்.

செடானின் முதல் பலம் சவாரி. உயரம் குறைந்த கார் வளைவுகளில் குறைவாகச் சாயும், பின்னால் இருப்பவர்களுக்குத் தலை சுற்றாது. இரண்டாவது பலம் பூட்டிய டிக்கி. யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பும்போது என்னென்ன ஏறும் என்று நினைத்துப் பாருங்கள்: கருவாடு, ஒடியல், முருங்கைக்காய், பழுக்கப் பழுக்கக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். எஸ்யூவியில் அத்தனையும் பின்சீற்றுக்குப் பின்னால் திறந்த வெளியில் கிடக்கும். வவுனியா தாண்டுவதற்குள் ஏசிக் காற்றே கருவாட்டுக் காற்றாகிவிடும். செடானில் டிக்கிக்கும் ஆட்களுக்கும் நடுவே சீற்றும் தகடும் இருக்கின்றன. நான் செடான் பக்கம் நிற்பதற்கு இது ஒன்றே போதும்.

எங்கள் பிளாட்டில் பெரிய கார் கொள்ளுமா?

விற்பவரிடம் போவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். பிளாட் வரைபடங்களில் ஒரு கார் நிறுத்தும் இடம் வழக்கமாக 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். 2017இல் வந்த கேம்ரி மாதிரி 4,885 மில்லிமீற்றர் நீளம், 1,840 அகலம். கார் உள்ளே போகும், ஆனால் மூக்கோ வாலோ கோட்டுக்கு வெளியே நிற்கும். பக்கங்களில் மிஞ்சுவது 28 சென்ரிமீற்றர் வீதம். 28 சென்ரிமீற்றருக்குள் கதவைத் திறந்து, சேலை கட்டிய அம்மா ஒருவர் இறங்க முடியுமா? முடியாது. ஆட்களை இறக்கிவிட்டுத்தான் காரை உள்ளே விட வேண்டும். மழை நாளில் இது தினசரித் தலையிடி. பிரீமியோ என்றால் பக்கத்துக்கு 35 சென்ரிமீற்றர். அதுவும் தாராளம் இல்லை, ஆனால் சமாளிக்கலாம்.

தூண் இருந்தால் அதுவரையான தூரத்தை அளவுங்கள். தூண் முன்சில்லுப் பக்கம் நின்றால் பரவாயில்லை, கதவுக்கு நேரே நின்றால் அந்த இடம் பெரிய காருக்கு உதவாது.

அடுத்தது சரிவுப் பாதை. கீழ்த்தளத்துக்கு இறங்கும் பாதை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மடிப்பு கூராக இருந்தால், நீளமான காரின் வயிறு மேல்மடிப்பில் உரசும், முன் பம்பர் கீழ்மடிப்பில் இடிக்கும். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் கூடக் கூட வயிறு உரசும் தொல்லையும் கூடும். அந்த மடிப்புகளில் ஏற்கெனவே உரசல் கோடுகள் இருந்தால் அதுவே பதில். இயந்திர லிஃப்டில் கார் ஏற்றி அடுக்கும் கட்டடமாக இருந்தால், அதில் ஒட்டியிருக்கும் தகட்டில் நீளம், அகலம், நிறை மூன்றுக்கும் எல்லை எழுதியிருக்கும். காவலாளியிடம் வாயால் கேட்பதைவிட அந்தத் தகட்டைப் படம் பிடித்து வாருங்கள்.

நீளம் பரவாயில்லை, அகலம்தான் உதைக்கிறது என்றால் பழைய கிரவுனைப் பாருங்கள். 4.9 மீற்றருக்குக் கிட்ட நீளம் இருந்தும், 2022 வரை வந்த ஜப்பான் கிரவுன்களை அகலம் 1,800 மில்லிமீற்றரைத் தாண்ட விடாமல் வைத்திருந்தார்கள்.

பின்சீற்றை எப்படிச் சோதிப்பது?

வீட்டில் அடிக்கடி பின்னால் இருக்கப்போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் நீங்கள் சாரதிச் சீற்றில் ஏறி, உங்களுக்கு வசதியான இடத்துக்கு அதை நகர்த்துங்கள். அதற்குப் பிறகுதான் பின்னால் ஆள் ஏற வேண்டும். விற்பவர் முன்சீற்றை முழுக்க முன்னே தள்ளி வைத்துக் காட்டினால் எந்தக் காரின் பின்சீற்றும் மண்டபம் மாதிரித்தான் தெரியும்.

அம்மாவோ அம்மம்மாவோ ஏறும்போது கண்ணை அவர்களின் கையில் வையுங்கள். எதைப் பிடித்து ஏறுகிறார்கள்? கூரைப் பிடியையா, கதவையா, முன்சீற்றின் தோளையா? கால் உள்ளே வரும்போது கதவடி விளிம்பில் தட்டுகிறதா? இறங்கும்போது ஒரே மூச்சில் எழ முடிகிறதா, இரண்டு முறை உன்னுகிறார்களா? தரையில் இருந்து சீற்றின் உயரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருந்தால் நல்லது. அதைவிடத் தாழ்ந்தால் இருக்கும்போது சுகமாக இருக்கும், எழும்பும்போது இடுப்புச் சொல்லும்.

பிறகு நடுச்சீற். மூன்று பேர் பின்னால் போவது நம் வீடுகளில் வழக்கம். முன்சில்லால் இழுக்கும் கேம்ரி, அக்கோர்ட், பிரீமியோ போன்றவற்றில் தரையின் நடுவே ஓடும் மேடு சிறியது. பின்சில்லால் தள்ளும் பென்ஸ், பிஎம்டபிள்யூ, பழைய கிரவுன் போன்றவற்றில் சுழல்தண்டு போவதற்காக அந்த மேடு பெரிதாக இருக்கும். நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் காலை அகட்டி வைக்க வேண்டும். அந்தக் கார்கள் பின்னால் இரண்டு பேர் ராஜா மாதிரிப் போகச் செய்தவை. மூன்றாவது ஆளுக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

கடைசியாக, ஏசியைப் போட்டு ஒரு சுற்று ஓடுங்கள். நடுப்பகல் வெயிலில், பின்னால் ஆள் இருக்க வேண்டும். முன்னால் இருப்பவர் குளிருது என்கிறார், பின்னால் இருப்பவர் இன்னும் கையால் விசிறுகிறார் என்றால் அது முழுக்க ஏசியின் பிழை இல்லை. பின்பக்கத்துக்கெனக் காற்றுத் துவாரம் உண்டா என்று பாருங்கள். எங்கள் காலநிலையில் அது தோல் சீற்றைவிட முக்கியம்.

சின்னப் பிள்ளை இருந்தால், பிள்ளைச் சீற்றைக் கொளுவும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் சீற்றின் மடிப்புக்குள் இருக்கின்றனவா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

டிக்கி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கட்டுநாயக்க விமான நிலைய அளவு. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ இரண்டு பேர் வருகிறார்கள், ஆளுக்கு இரண்டு பெரிய சூட்கேஸ். நான்கும் ஒரே டிக்கியில் ஏறினால் நீங்கள் வாங்க வேண்டியது அந்தக் கார்தான். லீற்றர் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். திறக்கும் வாய் சின்னதாக இருந்தால் உள்ளே இடம் இருந்தும் பெட்டி நுழையாது. மூடியின் வளைந்த கைகள் உள்ளே இறங்கிப் பெட்டியை நசுக்குகின்றனவா என்றும் பாருங்கள். பழைய கேம்ரி ஹைபிரிட்டில் பற்றரி பின்சீற்றுக்குப் பின்னால் நின்று டிக்கியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 2017க்குப் பிந்திய மாதிரியில் அதைப் பின்சீற்றுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

புதிது வாங்கலாமா, ஓடியது வாங்கலாமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருடங்களில் ஓடிய கார்களின் விலை ஏறி, வாங்கிய விலையைவிடக் கூடுதலுக்கு விற்றவர்கள் நிறையப் பேர். கதவு திறந்த பிறகும் வரி கனதி. சுங்கத்தில் கட்டுவது ஒரு வரி இல்லை. என்ஜின் கொள்ளளவைப் பார்த்து ஏறும் உற்பத்தித் தீர்வை, குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீதம் பெறுமதி சேர் வரி. சிசி கூடினால் தீர்வை பாய்ந்து ஏறுவதால், 2.5 லீற்றர் கேம்ரியைப் புதிதாக இறக்குவது பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத கணக்கு.

இன்னொரு விஷயமும் உண்டு. பிரீமியோ, அலியன் உற்பத்தி 2021 மார்ச்சில் நின்றுவிட்டது. ஜப்பானில் கேம்ரி விற்பனையும் 2023 முடிவில் நின்றது. இறக்குமதிக்கு வயது எல்லை இருப்பதால் இனிப் பிரீமியோ கப்பலில் வராது. நாட்டில் இருப்பவைதான் கைமாறும். "புதுசு மாதிரி" என்று யாராவது பிரீமியோ காட்டினால் இதை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

என் எண்ணம்: நாட்டிலேயே ஓடிய, ஓரிரண்டு கைமாறிய, சேர்விஸ் பதிவு உள்ள கார். கைக்காசு போதாமல் லீசிங் எடுப்பவர்கள், காரின் பெறுமதியில் எத்தனை வீதம் கடன் தரலாம் என்பதற்கு மத்திய வங்கி போடும் எல்லை அவ்வப்போது மாறும் என்பதால், பேரம் முடிக்கும் முன் லீசிங் நிறுவனத்தில் அன்றைய கணக்கைக் கேட்டுவிடுங்கள்.

ஓடிய காரில் எதை வடிவாகப் பார்க்க வேண்டும்?

மூன்று விஷயங்கள்: பத்திரம், மீற்றர், தண்ணீர்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா? இல்லையென்றால் அது ஓப்பின் பேப்பர் கார். இடையில் வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல், முந்தியவர் கையெழுத்து வைத்த படிவத்தோடு அப்படியே கைமாற்றுகிறார். விலை குறைத்துத் தருவார்கள். முந்திய உரிமையாளர் வெளிநாடு போயிருந்தால், காலமாகியிருந்தால், நாரஹேன்பிட்ட மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைவது நீங்கள்தான். வேண்டாம். லீசிங் முடிந்த கார் என்றால், நிறுவனத்தின் பெயர் பதிவில் இருந்து நீக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். செசி எண்ணையும் என்ஜின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும், வாயால் வாசித்துக் காட்டினால் போதாது.

ஜப்பானில் இருந்து ஓடிய காராக வந்ததென்றால், பெரும்பாலும் அங்கே ஏலத்தில் விற்றபோது எழுதிய ஏல அறிக்கை இருக்கும். அதில் அன்றைய கிலோமீற்றர், தரம், எங்கே கீறல், எந்தத் தகடு மாற்றியது எல்லாம் எழுதியிருக்கும். 'ஆர்' என்று இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்திய கார். செசி எண்ணைக் கொடுத்தால் அறிக்கையை எடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சக் காசுதான். மீற்றரைத் திருப்பியிருந்தால் அங்கே பிடிபடும். அறிக்கை இல்லாவிட்டால் பிறேக் மிதியின் றப்பர், ஸ்டியரிங்கின் மேல்விளிம்பு, சாரதிச் சீற்றின் வலது ஓரம் மூன்றையும் பாருங்கள். மீற்றர் நாற்பதாயிரம் சொல்லும்போது மிதி வழவழவென்று தேய்ந்திருந்தால், யார் சொல்வது உண்மை என்று விளங்கும்.

தண்ணீர்தான் கொழும்பில் பெரிய பயம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பக்கம் எத்தனையோ கார்கள் தாழ்ந்தன. அப்படித் தாழ்ந்த கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும். முன்சீற் பெல்ற்றைப் பிடித்து முடிந்த மட்டும் வெளியே இழுங்கள். வழக்கமாக வெளியே வராத கடைசி முழத்தில் மங்கலான சேற்றுக் கோடு நின்றால் அந்த உயரம் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. பிறகு சீற் தண்டவாளத்தின் திருகாணிகளில் துரு, மிதியடிக் கம்பளத்துக்கு அடியில் உள்ள பஞ்சில் ஈரவாடை, மேலதிக ரயர் வைக்கும் குழியில் மண். உள்ளே வாசனைத் திரவம் தாராளமாக அடித்திருந்தாலும் நான் சந்தேகப்படுவேன். ஹைபிரிட் காரில் தண்ணீர் பட்டதற்கு அடையாளம் கண்டால், விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஹைபிரிட்டா, பெற்றோலா?

நகரத்துக்குள் கூட ஓடுபவருக்கு ஹைபிரிட். கொழும்பின் காலி வீதி நெரிசலில் என்ஜின் நின்றுவிடும், பிறேக் பிடிக்கும்போது வீணாகும் விசை பற்றரிக்குப் போகும். டொயோட்டா ஹைபிரிட்டுகளில் ஏசி மின்சாரத்தில் ஓடுவதால் என்ஜின் நின்றாலும் குளிர் நிற்காது. பெரிய உடலும் சின்னச் செலவும் ஒன்றாகக் கிடைப்பது இங்கேதான்.

பயப்பட வேண்டியது பற்றரியின் வயதுக்கு. வாங்கும் முன் கணினி மாட்டிப் பற்றரியின் கட்டங்களைத் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே அளவில் நின்றால் நல்லது, ஒன்றிரண்டு மட்டும் தாழ்ந்து நின்றால் செலவு வருகிறது. வாங்கிய பின்னும் ஒரு பழக்கம் வேண்டும். பற்றரியைக் குளிரவைக்கும் காற்று காருக்குள் இருந்துதான் போகிறது. அந்தத் துவாரம் பின்சீற்றுப் பக்கத்திலோ பின்கண்ணாடித் தட்டிலோ இருக்கும். அதன்மேல் தலையணை, துவாய், பிள்ளையின் பை எதையும் வைக்காதீர்கள். அதன் வலையில் தூசி சேர்ந்தால் காற்றாடி இரைந்து சுழலும், பற்றரி சூடேறிச் சாகும். சேர்விஸ் கொடுக்கும்போது "அந்த வலையையும் துடைத்துவிடுங்கோ தம்பி" என்று வாய் திறந்து சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பல கராஜ்களில் தொடமாட்டார்கள்.

பெற்றோல் ஒக்டேன் பற்றியும் கேட்பார்கள். பிரீமியோ, கேம்ரி போன்ற ஜப்பான் கார்களுக்கு 92 போதும். ஐரோப்பியக் கார் என்றால் 95. எரிபொருள் மூடிக்குள் எழுதியிருப்பதைப் பார்த்து அடியுங்கள்.

ஐரோப்பியக் கார் பழையதாக மலிவாக வருகிறதே?

வாங்கும் விலை மலிவு. பராமரிப்பு அந்தக் கார் புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதற்கு ஏற்றபடிதான் இருக்கும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள மாதிரிகளை எங்கள் குழிகளுக்கும் வேகத்தடைகளுக்கும் நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கையான மெக்கானிக் கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கூடுதலாக என்னென்ன போட வேண்டும்?

முதலில் போடக்கூடாதது: பெரிய சில்லு. அழகுக்காகப் பதினெட்டு அங்குலம் மாற்றுகிறார்கள். ரயரின் பக்கத்தில் 215/60 ஆர் 16 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீற்றர், அதில் 60 வீதம் பக்கச் சுவரின் உயரம். ஆக 129 மில்லிமீற்றர் றப்பரும் காற்றும் உங்களுக்கும் வீதிக்கும் நடுவே இருக்கின்றன. 235/45 ஆர் 18 என்றால் 106தான். போன அந்த 23 மில்லிமீற்றர்தான் அம்மாவின் முதுகு. கேம்ரி போன்ற கார் பதினாறில் வந்திருந்தால் அப்படியே வைத்திருங்கள். பதினெட்டில் வந்திருந்தால், அதே மாதிரிக்குக் கம்பனி அனுமதிக்கும் சின்னச் சில்லுக்கு மாற்றுவது பற்றி ரயர் கடையில் கேளுங்கள்.

வானொலி: ஜப்பான் கார்களின் செற் அந்த நாட்டு எஃப்எம் அலைவரிசைக்குச் செய்தது, 76இல் தொடங்கித் தொண்ணூற்றுச் சொச்சத்தோடு நிற்கும். எங்கள் நிலையங்கள் 108 வரை போகின்றன. அதனால் தமிழ் வானொலி பல அகப்படாது. திரையும் ஜப்பான் மொழியில் பேசும். அலைவரிசையை மாற்றும் சின்னக் கருவி ஒன்று போடலாம், அல்லது செற்றையே மாற்றலாம். மாற்றினால் பின்பக்கக் கமரா வேலை செய்கிறதா என்பதைக் கடையிலேயே சோதித்துவிட்டு வாருங்கள்.

சீற் உறை: விபத்தில் விரியும் காற்றுப்பை சீற்றின் பக்கத்தில் இருக்கும் கார்களில், பக்கத்தை இறுக்கி மூடும் உறை போட்டால் அது விரியும் வழி அடைபடும். அந்த இடத்தில் திறப்பு விட்டுத் தைத்த உறையாகக் கேளுங்கள். றெக்ஸின் உறை வியர்வைக்கு ஒத்துவராது, துணி நல்லது.

மேலதிக ரயர்: சில கார்களில் மெல்லிய தற்காலிக ரயர், சிலவற்றில் ஓட்டை அடைக்கும் மருந்துப் போத்தல் மட்டும். வடக்கே போகிற குடும்பம் என்றால் குழியில் முழு ரயர் கொள்ளுமா என்று பாருங்கள். டாஷ் கமரா போடுவது நல்லது. பின்கண்ணாடிகளுக்கு வெயில் மறைப்பு போதும், கறுப்புத் தாள் ஒட்டிப் பொலிஸாருடன் வாதாடுவது வீண் வேலை.

யாழ்ப்பாணம் போகப் பெரிய கார் உண்மையிலேயே சுகமா?

ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பெரிய செடான் தன் விலைக்கு நியாயம் சொல்லும் இடம் இதுதான். சில்லுகளுக்கு நடுவே தூரம் கூடிய கார் சின்னச் சின்ன அலைகளில் துள்ளாது. புத்தளம், அநுராதபுரம் வழியே போனாலும் சரி, 2022இல் திறந்த மீரிகம-குருநாகல் அதிவேகப் பாதையை எடுத்தாலும் சரி, மதவாச்சி தாண்டும்போது பின்னால் இருப்பவர்கள் நித்திரையில் இருப்பார்கள்.

புறப்படும் முன் ஒரு வேலை: சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ரயர் காற்றழுத்தம் அதில் எழுதியிருக்கும். ஐந்து பேரும் நிறைந்த டிக்கியும் என்றால் அந்த அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ரயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். பின் ஸ்பிரிங் கிழடாகி இருந்தால் பாரம் ஏறியதும் வால் தாழ்ந்து, முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவர்கள் விளக்கடித்துத் திட்டுவார்கள்.

முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி மறுபடி ஏறியதும் ஆனையிறவு வரை கச்சான் கோதுதான். சீற்றுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையிலான இடுக்கில் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. அந்த இடுக்கை அடைக்கும் பஞ்சுப் பட்டி புறக்கோட்டையில் கிடைக்கும். ஏ9 நேராகக் கிடப்பதால் கால் தானாக அழுத்தும், ஊர்களுக்கு வெளியே கார்களுக்கு எல்லை 70 என்பதைப் பொலிஸார் மறப்பதில்லை.

மலைநாட்டுக்கு?

ஹற்றன், நுவரெலியா ஏற்றம் எந்தக் காருக்கும் பெரிய விஷயம் இல்லை. இறக்கம்தான். ஹைபிரிட்டில் 'B' நிலைக்கும் (நிறுத்தி வைக்கும் 'P' இல்லை), மற்றக் கார்களில் தாழ்ந்த கியருக்கும் மாற்றி இறங்குங்கள். பிறேக்கை மட்டும் நம்பி முழு மலையும் இறங்கினால் அது சூடேறி வழுக்கும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். துரு?

மரைன் டிரைவில் திறந்த வெளியில் நிறுத்தும் கார் தென்மேல் பருவக்காற்றுக் காலம் முழுக்க உப்பில் குளிக்கிறது. மேலே கழுவுவது அழகுக்கு, அடியில் கழுவுவதுதான் ஆயுளுக்கு. மே முதல் செப்டெம்பர் வரை மாதம் ஒரு முறையாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். ஈரக் காரை உறை போட்டு மூடாதீர்கள், உப்பும் ஈரமும் உள்ளேயே நிற்கும்.

வருடச் செலவு என்னென்ன?

காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். முதல் இரண்டும் இருந்தால்தான் மூன்றாவது. பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். காப்புறுதியில் கவனிக்க வேண்டியது காரின் பெறுமதி. விலை மாறும் சந்தையில், மூன்று வருடத்துக்கு முந்திய தொகையை அப்படியே புதுப்பித்தால் விபத்து நேர்ந்தபின் கையைப் பிசைய வேண்டிவரும்.

உதிரிப் பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை, டெல்கந்த. பிரீமியோவுக்கு ஊசியில் இருந்து என்ஜின் வரை கிடைக்கும். கேம்ரி, கிரவுன் பாகங்களுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டிவரலாம், முக்கியமாக விளக்கு, பம்பர், பக்கக் கண்ணாடி. இவைதான் முச்சக்கர வண்டி உரசினால் முதலில் போகிறவை. கியர் ஒயிலை "வாழ்நாளுக்கும் மாற்றத் தேவையில்லை" என்பவர்களை நம்ப வேண்டாம். நெரிசலும் வெப்பமும் உள்ள ஊரில் அதற்கும் ஒரு வயது உண்டு, கம்பனி சொன்ன வகை ஒயில்தான் ஊற்ற வேண்டும்.

என்ன நிறம்?

வெள்ளை. வெயிலில் சூடு குறைவு, விற்கும்போது கேட்க ஆள் கூட. கறுப்புத்தான் வேண்டும் என்று மகன் அடம்பிடித்தால், கழுவுவது அவன் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

கீழ்த்தளத்தில் எலி வந்து வயரைக் கடிக்கிறது. என்ன செய்யலாம்?

பிளாட் வாழ்க்கையில் இது பெரிய காருக்கும் சின்னக் காருக்கும் பொது. ஓடாமல் நிற்கும் கார்தான் எலிக்குப் பிடித்தது, அதனால் கிழமையில் இரண்டு மூன்று தடவையாவது காரை எடுங்கள். காருக்குள் பிஸ்கற் துணுக்கு, கச்சான் கோது கிடக்க விடாதீர்கள். ஏசி வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், கூடு கட்டுவது பெரும்பாலும் அங்கேதான். காற்றை உள்ளே இழுக்கும் வாயில் மெல்லிய கம்பிவலை அடிக்கச் சொன்னால் கராஜில் அடித்துத் தருவார்கள். நச்சு மருந்து மட்டும் வைக்காதீர்கள், எலி காருக்குள்ளேயே செத்தால் டாஷ்போர்ட்டைக் கழற்ற வேண்டிவரும்.